பாலத்தடி நீரும் அணை கடந்த வெள்ளமும்

ஆங்கில வாக்கியம் ஒன்று நம் முன் வந்து நிற்கின்றது. அதிலுள்ள சொற்கள் ஐந்தோ ஆறோ. அத்தனையும் நாம் மூன்றாம் வகுப்பிலேயே கற்றவை. ஆயினும் பொருள் மட்டும் புலனாவதில்லை. அகராதியை விரிக்கின்றோம். அஃது ஒவ்வொரு சொல்லுக்கும் விடை தருகின்றது. வாக்கியத்திற்கு விடை தர மறுக்கின்றது. தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து இக்கல்லூரிக்கு வந்து சேர்ந்த நம்மனோர்க்கு இவ்வனுபவம் புதிதன்று. விருந்தினராக வந்த பேச்சாளர் வேடிக்கையாக ஒன்று கூற, முன்வரிசையினர் நகைக்க, அவர்கள் நகைப்பதைக் கண்டு பின்வரிசையினரும் நகைக்கும் காட்சியை நம் கல்லூரி மண்டபத்திலேயே பலகாற் கண்டிருக்கின்றோம். அப்பின்வரிசையில் நமக்கும் ஓரிடம் இருந்தது என்பதை மறைப்பானேன்?

சொற்கள் தத்தம் பொருளை விட்டு, ஒன்று சேர்ந்து நின்று வேறொரு பொருள் பயக்கும் தொடரை மரபுத்தொடர் என்கின்றோம். இஃது ஆங்கிலத்திற்கே உரிய வஞ்சகம் அன்று. 'கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்' என்பதைத் தமிழ் பயிலும் வெளிநாட்டார் ஒருவர் கேட்பாராயின், கம்பி எங்கே என்றுதான் தேடுவார். 'வயிற்றில் பாலை வார்த்தாய்' என்பதற்கு அவர் என்ன பொருள் கொள்வாரோ, யார் அறிவார்! நமக்கோ இவற்றில் ஐயமே எழுவதில்லை. யாரும் இவற்றை நமக்குப் பாடமாக நடத்தவும் இல்லை. காணாமற்போன வெள்ளாடு பொழுது சாய்ந்தபின் தானே தொழுவத்தில் வந்து நின்றபோது பாட்டி ஒருமுறை அவ்வாறு கூறினார். ஊருக்குப் போன மகன் நலமாய்ச் சேர்ந்தான் என்று தொலைபேசியிற் கேட்டு அடுத்த வீட்டு அத்தை ஒருமுறை கூறினார். இடமும் முகமும் குரலும் கூடி அத்தொடரை நம் செவியில் இறக்கிச் சென்றன. பொருள் தனியே வரவில்லை, சமயத்தோடு வந்தது.

ஆங்கிலத்தை மட்டும் நாம் அவ்வாறு கற்க முயன்றோமில்லை. முதலாண்டிலேயே கோடிட்ட குறிப்பேடு ஒன்று வாங்கி, இடப்பக்கத்தில் ஆங்கில மரபுத்தொடரும் வலப்பக்கத்தில் அதற்கு நிகரான தமிழ்த் தொடரோ பழமொழியோ எழுதத் தொடங்கினோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் என்ற பெருமிதமும் இதற்கு ஒரு காரணம். ஆங்கிலத்தில் உள்ளது எதுவாயினும் அது தமிழில் முன்னரே உண்டு என்று காட்டிவிட வேண்டுமன்றோ? ஆண்டிறுதியில் 300 தொடர்கள் சேர்ந்தன. 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்பதற்கு நேரே 'கொல்லன் தெருவில் ஊசி விற்றல்' என்றும், நம் மாவட்டப் பெருமையை விடாது 'திருநெல்வேலிக்கே அல்வா' என்றும் எழுதினோம். நியூகாசில் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில், நிலக்கரி ஏற்றுமதியால் முன்பு பெயர் பெற்றிருந்த துறைமுக நகர். நிலக்கரிக்கு அவ்வூர், ஊசிக்குக் கொல்லன் தெரு, அல்வாவிற்கு நெல்லை. மூன்றும் தராசுத் தட்டில் இம்மியும் சாயாது நின்றன. இவ்வாறு ஒத்து நின்ற இணைகளே பிற்பாடு நம்மைக் கெடுத்தன.

விடுதியில் நமக்கு அடுத்த கட்டிலில் இருக்கும் நண்பர் மிசோரத்தைச் சேர்ந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு அவர் தாய்மொழி தெரியாது. இருவர்க்கும் இடையே ஆங்கிலம் ஒன்றே வழி. சென்ற டிசம்பர்த் தொடக்கத்தில் அவருடைய தாயார் காலமானார். செய்தி கேட்ட அன்றே அவர் புறப்பட்டுவிட்டார். நாம் அப்போது ஊரில் இருந்தமையின், நேரில் ஒரு சொல்லும் கூற இயலவில்லை. அலைபேசியில் ஆறுதல் எழுத அமர்ந்தோம். வெறுஞ்சொல்லாக எழுத மனம் ஒப்பவில்லை, குறிப்பேட்டை எடுத்தோம். 'அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வாராது' என்னும் பழமொழி கண்ணிற்பட்டது. துக்க வீட்டில் நம் பெரியவர்கள் சொல்லி ஆற்றுவது அது. அதற்கு நேரே, 'வாட்டர் அண்டர் த ப்ரிட்ஜ்', பாலத்தின் கீழே சென்றுவிட்ட நீர், என்று நம் கையெழுத்திலேயே இருந்தது. எனவே, 'அழாதீர், எல்லாம் பாலத்தடியில் ஓடிப்போன நீர்' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதி விடுத்தோம். அவர் படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமான நீலக் குறிகள் அன்றே தோன்றின. மறுமொழி மட்டும் 17 நாள் வரை வரவில்லை.

துக்கத்தில் இருப்பவர் மறுமொழி எழுதாமல் இருப்பது இயல்பே என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். ஆயினும் வகுப்பில் மற்றவர்களுக்கு அவர் விடை எழுதியிருந்தார் என்று பின்னர் அறிந்தபோது உள்ளே ஏதோ உறுத்தியது.

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. நம் ஊராகிய மணிமுத்தாறு, காமராசர் முதலமைச்சராயிருந்த 1950-களில் எழுந்த அணையால் பெயர் பெற்றது. மேற்குத்தொடர்ச்சி மலையில் தோன்றித் தாமிரபரணியோடு கலக்கும் மணிமுத்தாற்றை 118 அடி வரை தேக்கி, தென்பால் உள்ள வறண்ட நிலங்களுக்குக் கால்வாய் வழியே நீர் அனுப்புவது அவ்வணை. அதற்கு மேலே மலையில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்னும் தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்றுப் பம்பாய் பர்மா வாணிபக் கழகத்தார் நடத்திய அத்தோட்டங்களில் வேலை 2024-இல் நின்று போயிற்று. அதற்குப் பல ஆண்டுகட்கு முன்பே ஓய்வு பெற்றுக் கீழே இறங்கி, நம் தெருவில் குடியிருப்பவர் ஒரு பெரியவர். தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவராதலின் தெருவார் அனைவர்க்கும் அவர் 'ரைட்டர் தாத்தா'. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும் அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால், இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருப்பினும், தயக்கம் என்பது மருந்துக்கும் இராது. மரபுத்தொடர்கள் அவர் வாயில் மீன்போலத் துள்ளி வரும். எந்த நூலில் கற்றீர் என்று முன்னொருகால் வினவியதற்கு, 'மஸ்டர்ல கத்தேன்' என்றார். மஸ்டர் என்பது காலையில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம்.

அவர் கற்ற முதல் தொடரின் கதை சுவையானது. வேலையிற் சேர்ந்த புதிதில் ஒருநாள் பிற்பகல் பெருமழை பிடித்துக்கொண்டது. கொழுந்து எடுக்க இயலாது போகவே, அதிகாரி வானத்தை அண்ணாந்து பார்த்து, 'லெட் அஸ் கால் இட் எ டே' என்றாராம். நம் தாத்தா அதனைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டார்: இதனை ஒரு நாள் என்று கூறுவோம். கட்டளை என்று கருதி, அரை நாளோடு மலையிறங்கிய அத்தனை பேர்க்கும் முழு நாள் வேலையாகப் பதிந்துவிட்டார்! சம்பளக் கணக்கு வந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்து, பதிந்தது பதிந்ததாகவே இருக்கட்டும் என்றாராம். 'இன்றைக்கு இவ்வளவு போதும், நிறுத்துவோம்' என்பதே அத்தொடரின் கருத்து. இதில் ஒரு நுட்பம் உண்டு. செய்தவரையில் ஒரு நாள் வேலையாகக் கணக்கிட்டுக் கொள்வோம் என்பதே அத்தொடரின் சொற்கிடக்கை. ஆகவே தாத்தா செய்தது அத்தனை பெரிய பிழையும் அன்று என்பது நம் துணிபு. கூலி பெற்றவர்களும் அவ்வாறே கருதியிருப்பர்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில் அணைப்பக்கமாக அவரோடு உலாவச் சென்றோம். நீர் மலையடிவாரம் வரை பரந்து கிடந்தது. மனத்தில் இருந்ததை நேரே கூற வெட்கி, பாடம் கேட்பவர் போலத் தொடங்கினோம்.

"தாத்தா, அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வாராது என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் வாட்டர் அண்டர் த ப்ரிட்ஜ் என்பதுதானே சரி?"

அவர் சரி என்றும் கூறவில்லை. தவறு என்றும் கூறவில்லை. "அத யாருகிட்ட சொன்ன?" என்று வினவினார்.

பொருள் கேட்டவரிடம், யாரிடம் சொன்னாய் என்று திருப்பிக் கேட்டது நமக்கு வியப்பாயிருந்தது. பிறகு எல்லாவற்றையும் கூறினோம். சிறிது நேரம் அவர் பேசாமல் நடந்தார்.

"தம்பி, நான் சொல்லுதேன் கேளு. எங்க ஆபீஸில ரெண்டு பேருக்குள்ள கணக்கு விஷயமா பெரிய சண்டை. ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசல. ஒரு கிறிஸ்துமஸ் அன்னைக்கி டீ குடிக்க எல்லாரும் கூடினப்ப, பெரியவரு எந்திரிச்சுப் போயி கையை நீட்டி, இட் இஸ் ஆல் வாட்டர் அண்டர் த ப்ரிட்ஜ்னாரு. அவ்வளவுதான், சண்டை தீந்துபோச்சு. நான் அந்த வார்த்தைய அன்னைக்கிக் கேட்டேன். அதுக்குப் பொறவும் நாலஞ்சு தடவ கேட்டிருக்கேன். எல்லாமே மனஸ்தாபம் தீருத நேரம். சாவு வீட்டுல ஒரு தடவகூடக் கேட்டதில்ல. நீ எழுதினது எப்படித் தெரியுமா? உங்கம்மா போனது ஒரு காரியமே இல்ல, விட்டுத் தள்ளுன்னு எழுதினாப்பில."

நம் கால்கள் நின்றுவிட்டன.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இரண்டும் நீரைப் பற்றிய தொடர்கள், இரண்டிலும் நீர் போய்விட்டது, இனித் திரும்பாது. எங்கே பிரிந்தன? எண்ண எண்ண ஒன்று தோன்றியது. இங்கிலாந்து மழைக்குப் பஞ்சமில்லாத நாடு. அங்கே பாலத்தின்மேல் நின்று கீழே ஓடும் நீரைப் பார்ப்பவனுக்கு, போன நீரைப் பற்றிய கவலை இல்லை; பின்னே வேறு நீர் வந்துகொண்டே இருக்கும். ஆகவே பழைய பகையை அவ்வாறு போகவிடு என்கிறான். நம் நாட்டிலோ நீர் என்பது செல்வம். இச்சிறு தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றுள் கடைசியாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை. சொட்டு நீரும் வீணே கடலுக்குச் செல்லலாகாது என்று தலைமுறை தலைமுறையாகக் கல் அடுக்கிய மக்களின் வாயில், அணை கடந்த வெள்ளம் என்பது இழந்த பொருளின் பெயர். அதற்கு அழுகை உண்டு. பழமொழியே 'அழுதாலும்' என்கின்றது. அழாதே என்று விலக்கவில்லை. நீ அழுவது நியாயமே, ஆயினும் அது வாராது என்று அருகிருந்து கூறுகின்றது. ஆங்கிலத் தொடரில் அழுகைக்கே இடமில்லை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களிற் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்து ஊர்களுட் புகுந்தது. 1843-இல் சுலோசன முதலியார் தம் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்த, நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் பாலத்தை நாம் அடிக்கடி கடக்கின்றோம். அவ்வெள்ளத்தை அறிந்த எவரும் அப்பாலத்தின் கீழே செல்லும் நீரைக் காட்டி, 'மறந்துவிடு' என்று கூறத் துணியார்.

நிற்க. நம் 300 தொடர்க் குறிப்பேட்டை மறுநாள் கையில் எடுத்தபோது, பரமார்த்த குருவின் சீடர்கள் நினைவிற்கு வந்தனர். குருவின் தலைப்பாகை வழியில் விழ, சீடர் அதனை எடுக்காமல் வந்தனர். விழுவதை எல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கடிந்தார். உடனே குதிரை இட்ட சாணத்தையும் ஏந்தி வந்தனர். எடுக்கத்தக்கவை இவையென ஓலையில் எழுதித் தந்தார் குரு. பின்னர் குருவே பள்ளத்தில் விழுந்தபோது, ஓலையைப் படித்துப் பார்த்து ஆடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓலையில் இல்லாத குருவை அங்கேயே விட்டனர்! இக்கதையைச் சிறுவயதில் படித்துச் சிரித்த நாம், கையில் ஓலையோடு நின்ற ஆறாவது சீடர் நாமே என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இக்கதை எவர்க்காக எழுந்தது என்பதும் கருதத்தக்கது. இதனை இயற்றிய வீரமாமுனிவர் இத்தாலியர். பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றியவர். தேம்பாவணி போன்ற பெருங்காப்பியம் செய்தவர், பேச்சுத் தமிழை இழிவாகக் கருதினாரில்லை. கொடுந்தமிழுக்கென 1728-இல் இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார்; அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தமிழ் பயிலும் ஐரோப்பியர்க்கு மக்கள் பேசும் நடை விளங்க வேண்டும் என்பதே பரமார்த்த குரு கதையின் நோக்கம். 1822-இல் பாபிங்டன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். மொழியை எழுத்தளவிற் கற்பவன் எத்தகைய பேதையாவான் என்பதை, மொழி கற்பவன் கையிலேயே கொடுத்துச் சிரிக்க வைத்த முனிவரின் குறும்பை என்னென்பது!

அவர்க்குப் பின் வந்தவர்களும் இவ்வழியையே பின்பற்றினர். கால்டுவெல் 1838-இல் சென்னை வந்து, 1841-இல் திருநெல்வேலிக்கு வரும்போது, நீலகிரி வழியாக நடந்தே வந்தார். வழியில் மக்களோடு பழகி அவர்கள் பேச்சைச் செவியாரக் கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்ட பேரறிஞரின் கல்வி, சாலையோரத்திலும் இடையன்குடிப் பனங்காட்டிலும் வளர்ந்தது. சாயர்புரத்தில் தொண்டு செய்த போப்பையர், திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் ஆக்குவதற்கு நெடுநாள் முன்பே, தமிழின் அன்றாட வழக்கு நடைக்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். இவர்கள் தமிழைக் கற்க நம் திண்ணைகளில் வந்து அமர்ந்தனர். நாம் ஆங்கிலத்தைக் கற்க அறைக் கதவை அடைத்துக்கொண்டு பட்டியல் எழுதுகின்றோம்.

தாத்தாவோடு உலாவுவது அதன்பின் நாள்தோறும் நிகழ்ந்தது. ஒருநாள், இறத்தல் என்னும் பொருளுடைய தொடர்கள் நம் குறிப்பேட்டில் இரண்டு இருப்பதைக் காட்டினோம்: 'பாஸ்ட் அவே' என்பது ஒன்று; 'கிக்ட் த பக்கெட்' என்பது மற்றொன்று. இரண்டிற்கும் நேரே 'இறந்தார்' என்று ஒரே சொல் எழுதியிருந்தோம். தாத்தா திடுக்கிட்டார். "நல்ல வேளை, இத அந்தப் பையனுக்கு எழுதாமப் போனியே!" என்றார். முன்னது நம் சபையார் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பது போல்வது. பின்னது, உதைபட்ட வாளியைச் சுட்டுவது. நம் ஊர்ப் பேச்சில் 'மண்டையைப் போட்டான்' என்பதற்கு ஒப்பானது. தமிழ் மாணவராகிய நாம் இதனை முன்னரே அறிந்திருக்க வேண்டும். மங்கலமல்லாததை மங்கலமாக்கிக் கூறுதலை நன்னூலார் தகுதி வழக்கினுள் ஒன்றாக வைத்தார். இறந்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்கு உதாரணமாக வகுப்பில் ஒப்பித்தவை. இடக்கரடக்கலும் குழூஉக்குறியும் அங்கேயே உள. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது போலத் தோட்டத்தார்க்கு மஸ்டர். சொல்லின் பொருளை மட்டுமன்றி, அதனை யார், எந்த அவையில் கூறுகின்றார் என்பதையும் இலக்கணமாகவே வகுத்தவர் மரபில் வந்தும், தேர்வுத்தாளில் எழுதியதை ஆங்கிலத்தின் பக்கம் கொண்டுபோக நமக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்தவ இல்லங்களிற் பிறந்தவர்க்கு ஆங்கில மரபுத்தொடருள் நுழைய இன்னொரு வாயிலும் உண்டு. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தின் வழியே வழக்கில் நிலைபெற்ற தொடர்கள் பல. அவற்றின் கதை நமக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரியும். 'ரைட்டிங் ஆன் த வால்' என்பதைக் கேட்கும் பிறர், நம் ஊர்த் தேர்தற் சுவர் விளம்பரத்தை எண்ணக்கூடும். பெல்ஷாத்சாரின் விருந்தும், சுவரில் எழுதிய கைவிரலும் அறிந்தவர்க்கு, வரப்போகும் அழிவின் அறிகுறி என்னும் பொருள் தானே விளங்கும். ஆயினும் இங்கும் விழிப்பு வேண்டும். 'ஸ்கேப்கோட்' என்பதை நம் செய்தித்தாள்கள் 'பலிகடா' என்று எழுதுகின்றன. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்கடாக்கள் இரண்டு. ஒன்று பலியாகின்றது. மற்றொன்றின் தலைமேல் சனத்தின் பாவங்கள் எல்லாம் சுமத்தப்பட்டு, அது உயிரோடு வனாந்தரத்திற்குப் போக்கிவிடப்படுகின்றது. டிண்டேல் 1530-இல் ஆங்கிலச் சொல்லை ஆக்கியது இவ்விரண்டாவது ஆட்டிற்கு. நம் தமிழ் வேதாகமம் அதனைப் 'போக்காடு' என்று அழகாகப் பெயர்த்துள்ளது. பிறர் பழியைச் சுமந்து துரத்தப்படுபவன் போக்காடு. பிறர்க்காக வெட்டுப்படுபவன் பலிகடா. இத்துணை நல்ல சொல் கையில் இருக்க, அதனைக் கோவிலுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டோம்.

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பற்றியும் ஒரு சொல். நம் கட்டுரை ஏடுகளில் பூனையும் நாயும் பொழியாத மழை உண்டா? தாத்தா வேலை செய்த நாலுமுக்கு, தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. அங்கே 40 ஆண்டு இருந்தும் அத்தொடரை ஒருவர் வாயிலும் கேட்டதில்லையாம். 'இட் இஸ் போரிங்' என்பார்களாம். கொட்டுகிறது என்று நாம் கூறுவது போல. பூனை நாய்களை நாம் விடுதலை செய்துவிட்டோம். மற்ற மாணவர்களும் அவ்வாறே செய்வரேல், நம் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் மகிழ்வர்.

இப்போது நம்மிடம் உள்ளது வேறொரு குறிப்பேடு. அதில் நிகரான தமிழ்த் தொடர் எழுதும் பத்தியே இல்லை. இன்ன தொடர், கூறியவர் யார், யாரிடம், எப்போது, கேட்டவர் முகம் எவ்வாறிருந்தது, இவ்வளவே. நம் செவியாற் கேட்டதன்றி எதனையும் எழுதுவதில்லை என்பது விதி. திங்கட்கிழமைகளில் கல்லிடைக்குறிச்சியில் ரயில் ஏறும் வகுப்புத் தோழர் இருவரும் இதிற் சேர்ந்துள்ளனர். ஏறியதும் ஆங்கிலத்திலேயே பேசுவது என்று உடன்படிக்கை. வீரவநல்லூர் வரை அது காப்பாற்றப்படும். சேரன்மகாதேவியில் தேநீர் வரும்போது தமிழும் உடன் ஏறிக்கொள்ளும். பேச்சினிடையே ஒருவர் தவறினால் மற்றவர் நகைக்கலாம்; ஆனால் நகைத்தவர் சரியான தொடரைத் தாம் எங்கே கேட்டார் என்று கூறியாக வேண்டும். கூற இயலாதபோது நகைப்பு திரும்ப வந்து சேரும். முந்நூறு எழுதிய அதே காலத்தில் இதில் 23 தொடர்கள்தாம் ஏறியுள்ளன. அவற்றுள் ஒன்றையேனும் கூறும்போது நா தடுமாறுவதில்லை.

நண்பருக்குக் கிறிஸ்துமஸ் மறுநாள் மீண்டும் எழுதினோம். மரபுத்தொடர் ஒன்றும் சேர்க்கவில்லை. முன்பு எழுதியது தவறான தொடர். அதன் பொருளை அறியாமல் எழுதினோம். உங்கள் தாயாரை எண்ணி வருந்துகின்றோம் என்று மூன்று சிறு வாக்கியங்கள். ஏழாம் வகுப்பு மாணவர் எழுதக்கூடிய ஆங்கிலம். ஒரு மணி நேரத்தில் அவரே அழைத்தார். முதலிற் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவர், அன்று நீ உண்மையில் என்ன கூற விரும்பினாய், அதனை உன் மொழியிலேயே கூறு என்றார். கூறினோம், ஒவ்வொரு சொல்லாகப் பொருளும் உரைத்தோம். அணை எத்தகையது, எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்டார்.

ஜனவரியில் விடுதிக்குத் திரும்பியபின், இரவில் விளக்கணைத்ததும் சில நாள் அப்பழமொழியைத் தமக்குள் மெல்லச் சொல்லிப் பார்க்கின்றார். அடுத்த கட்டிலில் இருந்து நாம் திருத்துகின்றோம். 'அணை' வந்துவிட்டது, 'வெள்ளம்' ஒருவாறு வந்துவிட்டது. 'அழுதாலும்' என்பதிலுள்ள ழகரந்தான் இன்னும் அவர் நாவிற்கு அகப்படவில்லை.